இழுவை கேரவனில் பேட்டரி பொருத்துவது எப்படி: சேஸிஸிலிருந்து (அடிச்சட்டம்) முதல் ஓட்டம் வரை முழுமையான வழிகாட்டி

ஓசூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்தாலும் சரி, பழையதாக வாங்கி இழுத்து வந்தாலும் சரி, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் டிரெய்லர் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் ஓடுவது பேட்டரிக் கடைக்குத்தான். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நல்ல பேட்டரி சும்மா இருந்து தீப்பிடிப்பது அரிது. கூரையில் ஒழுகிய தண்ணீர், இரும்பு விளிம்பில் உரசிய ஒயர், குலுங்கிக் கழன்ற நட்டு ஆகியவைதான் பெரும்பாலும் காரணமாகின்றன. அதனால் கூண்டு, ஒயர், பேட்டரி என்ற வரிசையில் போகிறோம். இடையில் எதையும் தாண்ட வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், டிசி (பேட்டரி தரும் நேர்மின்) அளக்கும் கிளாம்ப் மீட்டர், முறுக்கு அளவு வைக்கும் டார்க் ரெஞ்ச், லக்கை ஒயரில் அமுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், துளை விளிம்பில் மாட்டும் ரப்பர் கிரோமெட், மர ஈரப்பதமானி, தோட்டத்து ஹோஸ், நல்ல டார்ச்.

கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது பெட்டியில் டிசி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவானவற்றில் பல ஏசி (வீட்டு மாறுமின்) மட்டுமே காட்டும். பேட்டரி ஒயரில் மாட்டினால் சுழியம் காட்டும், நீங்களும் கரண்ட் ஓடவில்லை என்று நம்பிவிடுவீர்கள்.

ஸ்பேனர்களின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். மோதிரம், வாட்ச், கைச்செயினைக் கழற்றி வையுங்கள். 100 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு அலகு) லித்தியம் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு ஸ்பேனர் தொட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். நடுவில் உங்கள் மோதிரமும் இருந்தால் விரல் போய்விடும்.

2. சேஸிஸும் வெல்டிங்கும்

டிரெய்லரை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள்: முன்னால் ஏ வடிவச் சட்டம் உடலோடு சேரும் மூலைகள், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகள். குலுக்கலின் பாரம் வந்து குவிவது இங்கேதான். பெயின்ட்டில் முடி போல ஒரு கோடும் அதிலிருந்து துருநீர் வழிந்த பழுப்புத் தடமும் இருந்தால் வெடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைக்காமல் அரைத்து எடுத்து மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும்.

வெல்டிங் வேலை எதுவாக இருந்தாலும் இப்போதே முடித்துவிடுங்கள். பேட்டரி, சோலார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் எல்லாம் மாட்டிய பிறகு சேஸிஸில் வெல்டிங் வைத்தால் அந்தக் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. மின்னணுப் பலகைகள் செத்துப்போகும். பின்னாளில் அவசியம் ஏற்பட்டால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, கன்ட்ரோலரையும் பிரித்த பிறகே வெல்டரை அழையுங்கள். ‘ரெண்டே பாயின்ட்தான் சார், ஒண்ணும் ஆகாது’ என்று அவர் சொல்வார். கேட்காதீர்கள்.

அடுத்து டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று வெடிப்பதுதான் அதிகம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பது ஒரு சாக்கு மட்டுமே.

3. தண்ணீர்ச் சோதனை

ஒயரிங்குக்கு முன் இதைச் செய்வதன் காரணம் எளிது. ஒழுகும் சுவருக்குள் ஒயர் இழுத்தால், ஓராண்டில் லக்குகளில் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) பச்சைப் பூஞ்சை போலத் துரு ஏறும். துரு என்றால் தடை, தடை என்றால் சூடு.

ஹோஸை வைத்துக் கீழிருந்து மேலே போங்கள். முதலில் ஜன்னலின் அடிவிளிம்பு, பிறகு பக்கங்கள், பிறகு மேல்விளிம்பு, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது 10 நிமிடம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க வேண்டும். எடுத்ததுமே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, ஒழுகல் எங்கே தொடங்கியது என்றே தெரியாது.

பழைய வண்டியில் ஈரப்பதமானியைக் கூரை மூலைகளிலும், ஜன்னலுக்குக் கீழும், சக்கர வளைவுக்கு மேலும் வையுங்கள். மரத்தில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் உள்பலகையைப் பிரிக்காமல் மேற்கொண்டு போகாதீர்கள். விரல் கணுவால் தட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை: நல்ல இடம் ‘டக்’ என்று கெட்டியாக ஒலிக்கும், பலகையிலிருந்து ஷீட் பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும்.

புதிதாகச் செய்பவர்கள் பிளைவுட்டின் ஓரத்தில் உள்ள முத்திரையைப் படியுங்கள். ஐஎஸ் 710 என்றால் மரைன் ரகம். தண்ணீர் பட்டாலும் தாங்கும். ஐஎஸ் 303 எம்ஆர் ரகம் வீட்டு அலமாரிக்கு உரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலைப்பட்டியலில் மட்டும் தெரியும்.

அடைப்பதற்கு ஜன்னல் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப், வெளிவிளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட். வினிகர் வாசம் அடிக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டாம். காயும்போது அது விடும் அமிலம் செம்பையும் இரும்பையும் அரிக்கும். இன்னொரு தொல்லை: ஒருமுறை அதைத் தடவிய இடத்தில் பிறகு வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது.

4. எடை

சாமான், தண்ணீர், சிலிண்டர் எல்லாம் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டு போங்கள். கிரானைட் லாரிகளும் மாம்பழ லோடும் ஓடும் கிருஷ்ணகிரியில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை.

மொத்த எடை, ஹிட்ச் குண்டின் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டை) மேல் இறங்கும் எடை என்று இரண்டு எண்கள் வேண்டும். 1,000 கிலோ டிரெய்லருக்குக் குண்டின் மேல் 70 முதல் 100 கிலோ இருக்கலாம். ஆனால் காரின் கையேடு சொல்லும் வரம்பைத் தாண்டக் கூடாது. பின்பாரம் கூடிவிட்டால் வேகத்தில் டிரெய்லர் நாய்வால் போல ஆடும். பேட்டரியை எங்கே வைப்பது என்பதையும் இந்த எண்ணே முடிவு செய்யும்.

5. எவ்வளவு பேட்டரி வேண்டும்

ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் 12 வோல்ட்டில் செலவழிப்பதைக் கணக்கிடுவோம். 40 லிட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ், தர்மபுரி ஏப்ரல் வெயிலில் 45 ஆம்பியர்-அவர் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் ஃபேன் 8 மணி நேரத்துக்கு 16. விளக்குகளுக்கு 5, போன் சார்ஜுக்கு 4, தண்ணீர் மோட்டாருக்கு 2. ஆக 72.

லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே 150 ஆம்பியர்-அவர் வேண்டும். லித்தியம் அயன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம்; 100 போதும்.

ஏர் கண்டிஷனரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1,000 வாட் இழுக்கும் ஏர் கண்டிஷனருக்கு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

6. எந்த வகை

வீட்டு இன்வெர்ட்டருக்கான உயரமான டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைப்பதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கும் தவறு. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ஓரிடத்தில் நிற்பதற்காகச் செய்தது அது. அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில் குலுங்கினால் மூடி வழியாக ஆசிட் தெறிக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் வரும். காற்றில் வெறும் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும்.

லெட் ஆசிட்தான் வேண்டும் என்றால், ஆசிட் சிந்தாத, மூடிய ஏஜிஎம் வகை எடுங்கள். பணம் இருந்தால் லித்தியம் அயன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. எடை 12 கிலோ அளவில் முடிந்துவிடும். லித்தியம் வகைகளில் சூட்டை நன்றாகத் தாங்குபவற்றில் இதுவும் ஒன்று.

பழைய மின்ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்களில் கோர்த்த மலிவு பேக்கை மட்டும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அவற்றில் பல நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை. கெட்ட செல் ஒன்று சூடேறினால் பக்கத்து செல்லையும் சேர்த்துக் கொளுத்தும். நீங்கள் அதன் மேல் கட்டிலில் படுத்திருப்பீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பக்கங்கள் உப்பியிருக்கக் கூடாது, பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுப் பலகை) தொடர்ந்து தாங்கும் ஆம்பியர் எண் லேபிளில் இருக்க வேண்டும், சார்ஜ் செய்யக்கூடிய வெப்ப எல்லை எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் அது 45 முதல் 55 டிகிரி. சுழியத்துக்குக் கீழே சார்ஜ் கூடாது என்று எச்சரிக்கும் வெளிநாட்டு வீடியோக்கள் தளி, தேன்கனிக்கோட்டைக் குளிருக்குக்கூடப் பொருந்தாது. நமக்குப் பகை வெயில்தான்.

7. எங்கே வைப்பது

ஆக்சிலுக்குச் சற்று முன்னால், தரைமட்டத்தில், மேற்கு வெயில் நேராக அடிக்காத இடம். வெளித்தகரத்தை ஒட்டி வைத்தால் மதியம் பெட்டி அடுப்பாகிவிடும், பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். சோலார் ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை என்று பேனலைக் குறை சொல்பவர்கள் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

சமையல் சிலிண்டரும் பேட்டரியும் ஒரே பெட்டிக்குள் ஒருபோதும் இருக்கக் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். சிலிண்டர் பெட்டிக்குத் துளை தரைமட்டத்தில் வேண்டும். ஹைட்ரஜன் மேலே ஏறும். லெட் ஆசிட் பெட்டிக்குத் துளை உச்சியில், வண்டிக்கு வெளியே திறப்பதாக வேண்டும்.

பேட்டரியைப் பட்டை போட்டுக் கட்டுங்கள். ஃபிளாட் இரும்பு, நான்கு போல்ட், நைலான் பிடித்த நட்டு. உள்ளங்கையால் நான்கு பக்கமும் தள்ளினால் விரற்கடைகூட அசையக் கூடாது. முனைகளுக்கு மேல் ரப்பர் மூடி கட்டாயம். மேலே வைத்த தோசைக்கல் ஒரு பள்ளத்தில் சரிந்து விழலாம்.

8. பியூஸும் ஒயரும்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

பியூஸ் காப்பது ஒயரை. கருவியை அல்ல. ஆகவே அது பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் பியூஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். நடுவில் மூன்று மீட்டர் ஒயர் சேஸிஸில் உரசினால் அந்த பியூஸ் வேடிக்கை பார்க்கும்.

அளவுக்கு ஓர் உதாரணம். 1,000 வாட் இன்வெர்ட்டர், 12 வோல்ட், 85 சதவீதத் திறன்: சுமார் 98 ஆம்பியர். இதற்கு 125 ஆம்பியர் பியூஸ், 35 சதுர மி.மீ. செம்பு ஒயர். போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்றால் 100 ஆம்பியரில் 0.2 வோல்ட்தான் இழப்பு. அதே இடத்தில் 16 சதுர மி.மீ. போட்டால் 0.44 வோல்ட் விழும். 44 வாட் சூடு ஒயரிலேயே கரையும்.

லித்தியத்துக்கு கிளாஸ் டி (Class T) வகை பியூஸ் போடுங்கள். ஷார்ட் ஆகும்போது பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை உடைத்து அணைக்கும் திறன் சாதாரணக் கண்ணாடி பியூஸுக்கோ கார் பிளேடு பியூஸுக்கோ இல்லை. உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி வளைவாகப் பாய்ந்து கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு மாறுமின்னுக்கான எம்சிபியை (ஷார்ட் ஆனால் தானே விழும் சுவிட்ச்) டிசி லைனில் மாட்டினாலும் இதே ஆபத்து. ஏசி நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டிசி தொடுவதில்லை.

ஒயரில் கலப்படம் உண்டு. ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம். கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வெளியே வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. அதை அப்படியே பயன்படுத்தலாம்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அமுக்குங்கள். சுத்தியலால் தட்டுவதும் இடுக்கியால் நசுக்குவதும் அன்றைக்குப் பிடிக்கும், குலுக்கலில் விடும். அமுக்கிய பிறகு முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். கழன்றால் இங்கேயே கழன்றது நல்லது. 0.005 ஓம் தடை உள்ள மோசமான ஓர் இணைப்பில் 100 ஆம்பியர் ஓடினால் 50 வாட் சூடு ஒரே புள்ளியில் பிறக்கும். பிளைவுட் பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி மறந்துவிட்டதற்குச் சமம்.

முனையில் அடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் முனை, அதன் மேல் நேராகப் பெரிய லக், பிறகு சிறிய லக், அதற்கும் மேலேதான் வாஷர், ஸ்பிரிங் வாஷர், போல்ட். வாஷரை லக்குக்கு அடியில் போடுபவர்கள் ஏராளம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மின்தடை செம்பைவிடச் சுமார் 40 மடங்கு. மொத்தக் கரண்டும் அந்த ஒரு வாஷர் வழியாகப் போக நேரும். முறுக்கு அளவு பேட்டரி லேபிளில் இருக்கும், டார்க் ரெஞ்சில் அதை வையுங்கள்.

இரும்பில் துளை போட்டு ஒயர் நுழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் கிரோமெட். ஒரு முழத்துக்கு ஒரு கிளிப். பாடி எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

மின் பிரேக் உள்ள டிரெய்லரில் இன்னொன்று. வண்டி ஹிட்சிலிருந்து கழன்றால் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சை மெயின் கட்ஆஃப் சுவிட்சுக்குப் பின்னால் இணைக்கவே கூடாது. பிஎம்எஸ் திடீரெனத் துண்டித்தாலும் அது வேலை செய்ய வேண்டும். யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் சிறு பேட்டரியைத் தனியாக அதற்கே ஒதுக்குங்கள்.

9. இணைக்கும் வரிசை

எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். நெகட்டிவ் இணைந்திருக்கையில் பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் சேஸிஸைத் தொட்டால் ஷார்ட். நெகட்டிவ் விலகியிருந்தால் ஒன்றும் ஆகாது.

சோலாரில் கன்ட்ரோலரோடு பேட்டரியை முதலில் இணையுங்கள், பேனலைப் பிறகு. பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவு செய்கிறது.

10. சார்ஜ் ஏற்றும் வழிகள்

காரிலிருந்து ஏற்ற 7 பின் பிளக்கின் மெல்லிய ஒயரை நம்பாதீர்கள். தனி ஒயர், நடுவில் டிசி-டிசி சார்ஜர், இரண்டு முனையிலும் பியூஸ். லித்தியத்தைக் கார் எஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால், கிடைக்கும் கரண்டை எல்லாம் அது விழுங்கும்; சுங்கச்சாவடி வரிசையில் ஐட்லிங்கில் நிற்கும்போது குளிர்காற்று இல்லாமல் ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் காரிலிருந்து 40 வரை இழுக்கும். 50 ஆம்பியர் பியூஸ், 16 சதுர மி.மீ. ஒயர் போதும், தூரம் 6 மீட்டரைத் தாண்டினால் 25.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் அமைப்பில் எல்எஃப்பியை ஏற்றக் கூடாது. நான்கு செல் எல்எஃப்பிக்கு 14.4 முதல் 14.6 வோல்ட்தான் உச்சம். அதைத் தாண்டினால் பிஎம்எஸ் வெடுக்கென்று துண்டிக்கும், அந்த அதிர்ச்சியில் மற்ற கருவிகள் அடிபடும்.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தோட்டத்தில் நிறுத்தி மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் எடுப்பவர்கள், பிளக் செருகும் முன் மல்டிமீட்டரில் மூன்று அளவு பாருங்கள். பேஸ்-நியூட்ரல் சுமார் 230 இருக்க வேண்டும். 400 காட்டினால் இரண்டு பேஸுக்கு நடுவில் இணைத்திருக்கிறார்கள், விலகி வாருங்கள். பேஸ்-எர்த்தும் சுமார் 230. எதுவும் காட்டவில்லை என்றால் எர்த் இல்லை. நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள். டிரெய்லருக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் வெளிக்கரண்டைத் தொடவே கூடாது. தகர உடம்பு, ஈரத் தரை, வெறுங்கால் குழந்தை.

11. லோடு சோதனை

இன்வெர்ட்டரில் ஒரு மிக்ஸியோ 750 வாட் இஸ்திரிப் பெட்டியோ போட்டு 15 நிமிடம் ஓட விடுங்கள். ஓடும்போதே ஒவ்வோர் இணைப்புக்கும் குறுக்கே, அதாவது முனையிலும் அதோடு சேர்ந்த லக்கிலும், மல்டிமீட்டர் முனைகளை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். மிக்ஸியைவிட இஸ்திரிப் பெட்டி நல்லது. தெர்மோஸ்டாட் அணையும் வரை ஒரே சீராக இழுக்கும்.

பிறகு அணைத்துவிட்டு ஒவ்வொரு லக்கின் ரப்பர் மூடியையும் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அங்கே வேலை பாக்கி.

12. முதல் ஓட்டம்

ஓசூரில் புறப்பட்டால் கிருஷ்ணகிரி வரும் வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே நிறுத்துங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். புது ரிம்மில் பெயின்ட் நசுங்கி முறுக்கு தளர்ந்திருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும் புறங்கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங் இறுக்கமோ பிரேக் ஒட்டலோ. பேட்டரிப் பட்டையையும் முனைகளையும் ஒருமுறை பாருங்கள்.

சேலம் போவதானால் தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நடு இறக்கத்தில் குறைக்க நினைத்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லருக்குள் ஆட்களை உட்கார வைத்து ஓட்டக் கூடாது.

வாசற்படி பக்கம் 2 கிலோ ஏபிசி பவுடர் அணைப்பான் மாட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும். எல்பிஜி அலாரம் தரைக்கு ஒரு சாண் மேலே, புகை அலாரம் கூரையில். பேட்டரிப் பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை சீறினால் திறந்து பார்க்க வேண்டாம். எல்லோரும் இறங்கி, காற்று வரும் திசைப் பக்கமாகத் தூரம் போய், 101 அல்லது 112.

13. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது

எல்எஃப்பியைப் பாதி சார்ஜில் விடுங்கள், லெட் ஆசிட்டை முழு சார்ஜில். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கிளாம்ப் மீட்டரையோ மல்டிமீட்டரின் ஆம்பியர் முனையையோ வைத்துப் பாருங்கள். அலாரமும் ஸ்டீரியோவும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் குடித்தால் நாளுக்கு 2.4 ஆம்பியர்-அவர். பாதி சார்ஜில் விட்ட 100 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று வாரத்தில் காலி. பிரேக்அவே பேட்டரியைத் தனியாக மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.